எட்டு மணிக்கு மேல் ஐஸ் வண்டி

எத்தனை முறை துவைத்தாலும் அப்பாவின் சட்டையிலிருந்து ஈர மரத்தூள் வாசனை போனதேயில்லை. திண்டிவனத்து ஐஸ் ஃபேக்டரியிலிருந்து தினமும் காலையில் தம் "குட்டியானை" மினி லாரியில் ஐஸ் பார்களை ஏற்றி, மரத்தூள் தூவி, சாக்குப் போட்டு மூடி, விழுப்புரம் மீன் மார்க்கெட்டில் கொண்டுவந்து இறக்குவது அவர் பிழைப்பு. அந்த மார்க்கெட்டிலேயே அம்மா மீன் விற்றார். மார்க்கெட்டுக்குப் போகும் குறுகலான கடைத்தெருவில்தான் எங்கள் பள்ளிக்கூடமும் இருந்தது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அந்தத் தெருவில் பின்பக்கமாக வந்த சரக்கு லாரி ஒன்று என் வகுப்பு ஸ்டெல்லாவின் காலில் ஏறிவிட்டது. அதன் பிறகுதான் தெருமுனையில் பலகை வைத்தார்கள்: காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை சரக்கு வண்டிகள் உள்ளே வரக் கூடாது. நல்ல காரியம் என்று அப்பாவே சொன்னார். ஊன்றுகோலோடு ஸ்டெல்லா நடந்து வருவதைப் பார்த்த எவரும் வேறு சொல்லியிருக்க மாட்டார்கள்.

பங்குனி வெயிலில் ஒருநாள், மயிலம் பக்கத்தில் டயர் பஞ்சராகி, அப்பா முனைக்கு வந்து சேர்வதற்குள் எட்டு தாண்டிவிட்டது. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நான், அவர் போலீஸ்காரரிடம் கெஞ்சுவதைக் கண்டு நின்றுவிட்டேன்.

"ஐஸு சார், உருகிக்கினே இருக்குது. ஜல்தியா எறக்கிட்டு வந்துடறேன்."

"உன்ன உட்டா, பின்னால நிக்கிற வண்டிக்கெல்லாம் நான் என்னய்யா பதில் சொல்றது? இதோ பாரு, புள்ளைங்க போய்க்கினு இருக்குதுங்க."

அவர் கைகாட்டிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

நான் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவும் மற்ற மீன்காரப் பெண்களும் மீன் சுமக்கும் "அன்னக்கூடை"களோடு வந்தார்கள். அப்பா உடைத்துக் கொடுத்ததைத் தலையில் சுமந்து, தண்ணீர் முகத்தில் வழிய, பிள்ளைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். அப்படியும் பாதி ஐஸ் தெருவோடு போயிற்று. மதியத்துக்குள் அம்மாவின் மீன் கெட்டுவிட்டது. அதைப் புதைத்துவிட்டு வந்து, ஈரச் சேலையோடு சுவரில் சாய்ந்து அம்மா சொன்னார்: "ரூலும் வேணும், ஐஸும் வேணும். நடுவுல கெடந்து தேயறது நம்ம ஒடம்புதான்."

அதற்குப் பின் அப்பா நாங்கள் எழுவதற்கு முன்பே போய், விடிவதற்குள் சரக்கை இறக்கினார்; வீடு திரும்புவது மதியம்தான். நான் பள்ளி விட்டு வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார். சர்ச்சில் ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கியதுமே ஆண்கள் பக்கம் அவர் தலை தொங்கிவிடுவதை, நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவரோடு பேசிக்கொண்டு சாப்பிட்ட காலைகள் அந்தப் பங்குனியோடு முடிந்தன.

இப்போது மார்க்கெட்டில் கடைக்குக் கடை ஃப்ரீசர். திண்டிவனத்து ஐஸ் வண்டிகள் வருவதில்லை, அப்பாவும் இல்லை. பலகை இருக்கிறது, இருக்கட்டும். என் மகளும் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறாள். இன்று காலை அவளைக் கூட்டிப்போனபோது, முனையில் நின்ற பார்சல் வண்டிக்குள் ஒருவர் ஸ்டியரிங்கில் தலை கவிழ்த்துக் கிடந்தார். மகள் உரக்கப் பாடிக்கொண்டே வந்தாள்.

"மெதுவா பாப்பா," என்றேன். "அவரு தூங்கிக்கினு இருக்காரு."