சிவப்புப் புள்ளியில் அக்காவின் வண்டி

எங்கள் ஆய்வகத்துக் கம்ப்யூட்டர் ஒன்றல்ல. அலமாரி அலமாரியாக நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்தவை, எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். நாளெல்லாம் ஏசி வேறு. போலீஸ் புகார்களை அதற்குள் போட்டு, தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை எந்தத் தெருவில், எந்த நேரத்தில் செயின் பறிப்பு கூடுகிறது என்று வரைபடம் எடுப்பது என் வேலை. என்னைப் படிக்க வைத்து அந்த ஏசிக்குள் உட்கார வைத்தது மேற்குத் தாம்பரத்தில் என் அக்கா போட்டிருந்த இட்லி வண்டி.

முதல் வரைபடத்திலேயே ரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தால் அக்கா வண்டி நிற்கும் முனை.

காரணம் புரிய நேரமாகவில்லை. நம் ஊரில் எவன் கதவு எண் சொல்கிறான்? எந்தச் சந்தில் செயின் போனாலும் ஸ்டேஷனில் போய், இட்லி வண்டி பக்கத்தில் என்பார்கள். அங்கே அதையே எழுதிக்கொள்வார்கள். ஊரார் சொல்லும் அடையாளங்களுக்கெல்லாம் நாங்கள் வரைபடத்தில் இடம் குறித்து வைத்திருந்தோம். அவ்வளவுதான், சுற்றுவட்டாரத் திருட்டு மொத்தமும் அக்கா தலையில் விடிந்தது.

திட்டத் தலைவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். இவ்வளவு பெரிய மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்றார். அக்காவுக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். அடுத்த வாரமே போலீஸ் வந்து வண்டியை எடுக்க வைத்தது. அக்கா ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனாள்.

அடுத்த மாத வரைபடத்திலும் அதே இடம், அதே சிவப்பு. ஜனங்கள் இப்போது 'இட்லி வண்டி இருந்த இடம்' என்று சொல்கிறார்கள். அக்காவிடம் சொன்னேன்.

"நான்தான் அங்க இல்லியே. அப்பால இன்னாத்துக்குடா இன்னும் என்னையே காட்டிக்கினு கீது உன் மெஷினு? என் எடத்த திருப்பிக் குடுக்கச் சொல்லு."

கேட்டேன். கொடுப்பார்களா? இன்னும் சிவப்பாக இருப்பதால் பாதுகாப்பைக் கூட்ட வேண்டுமாம். அக்கா நின்ற இடத்தில் ரோந்து ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

போன வாரம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் 'போலீஸ் ஜீப் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்' என்றே இருந்தது. மெஷின் ஜீப்பின் மேலேயே சிவப்பைக் கொட்டியது. வரைபடத்தைத் தலைவரிடம் நீட்டினேன். பார்த்ததும் பதறிப்போனார்.

"அது வெறும் அடையாளத்துக்குச் சொல்றதுப்பா. அத போய் கணக்குல சேர்ப்பாங்களா? எடுத்துடு."

எடுத்துவிட்டேன்.