பெயர் தெரியாத பிள்ளைக்காக

வேலை தேடி ஊர் ஊராக அலைந்த நாட்கள். ஜெபித்துப் பல வருடமாகியிருந்தது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். என் வெள்ளை உடையைப் பார்த்து, முன்சீட்டுப் பெண் போதகர் என்று நினைத்துவிட்டாள்.

“பாஸ்டரய்யா, பிள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல் விடல. ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். ஒரு ஜெபம் பண்ணுங்க.”

நான் போதகர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மடியில் துவண்டு கிடந்த சிறுமியின் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. சிறுவயதில் மனப்பாடம் செய்த ஜெபமெல்லாம் மறந்துபோயிற்று.

“ஆண்டவரே, இம்புட்டுச் சூட்டை இது எப்படித் தாங்கும்?”

அவ்வளவுதான் வந்தது. ஜன்னலுக்கு வெளியே வைகை மணலும் வெயிலும் மிதந்து போயின. கையை எடுக்க மனம் வரவில்லை.

இறங்கும்போது தாய் லேசாகச் சிரித்தாள். “எங்க பாஸ்டர் ஊரே கேக்கக் கத்துவாரு. நீங்க பக்கத்துல இருக்குறவுககிட்டக் கேக்குற மாதிரில்ல கேக்குறீக!”

உண்மையைச் சொல்லவில்லை, பிள்ளையின் பெயரையும் கேட்கவில்லை. இப்போது தினமும் ஜெபிக்கிறேன். “அந்தப் பிள்ளை” என்றுதான் சொல்வேன். யாரென்று ஆண்டவருக்குத் தெரியும்.