ஜாசிப்பின் செருப்பு

ஈராக்கின் பாஸ்ராவில், எங்கள் சந்தில் ஸனிய்யாவின் வீட்டில்தான் ஓர் அறைக்கு வெளியே பூட்டு உண்டு. சாவி அவள் இடுப்பில் இருக்கும். உள்ளே அவள் தம்பி ஜாசிப் இருப்பான். வயது நாற்பது.

தோட்டத்தில் இருநூறு பேரீச்ச மரங்கள் வைத்திருந்தவன். கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறி வந்து, மூன்றே வருஷத்தில் மரங்கள் தலை சாய்ந்தன. அதற்கப்புறம்தான் அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மாத்திரை போட்டால் குரல்கள் அடங்கும், ஆனால் உடம்பு வேர்க்காது. போன வருஷம் ஜூலையில் ரொட்டி வாங்கப் போனவன் வெயில் தாங்காமல் கடை வாசலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இரண்டு நாள் கிடந்தான். மாத்திரையை நிறுத்தினாலோ, மரங்களைத் தேடி வீட்டுத் தரையைத் தோண்டுவான். அதனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாத்திரையும் ஏசியும் பூட்டும்தான்.

தெருவுக்கே ஜெனரேட்டர் ஓட்டுபவன் காசுக்குத் தரும் மின்சாரம் ஒரு ஏசிக்குத்தான் போதும். ஸனிய்யா அடுப்படியில் கிடந்தாள். முதுகெல்லாம் வேர்க்குரு. தூக்கம் போய் மாசக்கணக்காகிறது. போனில் வெயில் எத்தனை டிகிரி என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பார்ப்பாள். பார்த்தால் நெஞ்சு படபடக்கும், பார்க்காவிட்டால் இன்னும் படபடக்கும்.

"பைத்தியம் அவனா நீயான்னே தெரியல போ. அவன் குளுகுளுன்னு இருக்கான், நீ வறுபடுற" என்பாள் பக்கத்து வீட்டு உம்மு ஹியாம்.

"உனக்கும் பைத்தியம் பிடிக்கட்டும், ஒரு அறை கிடைக்கும்" என்பாள் ஸனிய்யா.

ஆகஸ்டில் கர்பலா புனிதத் தலத்துக்கு யாத்திரையாக நடப்பவர்கள் தெருவில் வர ஆரம்பித்தார்கள். நோய் வருவதற்கு முன் ஜாசிப் ஒரு வருஷம்கூட அந்த நடையை விட்டதில்லை. அவர்கள் பாட்டுச் சத்தம் கேட்டால் கதவோடு காதை ஒட்டிக்கொண்டு நிற்பான்.

குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால், ஏசியிலிருந்து ஜாசிப்பின் அறை வாளியில் சொட்டும் தண்ணீரில்தான் ஸனிய்யா துணி அலசுவது வழக்கம். அன்று காலை வாளியைக் கவிழ்த்தபோது அடியில் வெள்ளையாகக் கூழ் படிந்திருந்தது. முழுசாகக் கரையாமல் ஒரு மாத்திரையும் கிடந்தது.

"எத்தன நாளாடா?"

"நாலு நாளு. வேர்க்க ஆரம்பிச்சிருச்சு பாருக்கா." கழுத்தைத் தடவிக் காட்டினான். "வேர்த்தாத்தான நடக்க முடியும்? டாக்டரே சொன்னாரு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"குரல் கேக்குதா?"

"கொஞ்சம். மரியாதையாத்தான் பேசுது."

நடுப்பகலில் நடப்பவர்கள் எங்காவது நிழலில் ஒதுங்குவார்கள். ஸனிய்யா வாசலுக்குப் போய், "உள்ள வாங்க, ஏசி இருக்கு" என்று கூப்பிட்டாள். ஏழு பேர் வந்தார்கள். ஜாசிப்பின் அறை நிறைந்தது. அவன் தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவர் காலாகக் கழுவினான், கொப்புளங்களுக்கு மருந்து தடவினான், பாதங்களைப் பிடித்துவிட்டான். அவன் சிரித்து ஸனிய்யா பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஐந்து மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள்.

"நல்ல கைப்பா உனக்கு. எழுந்து வா, வழியெல்லாம் இந்தக் கை வேணும்" என்றார் தாடிக்காரர் ஒருவர்.

ஜாசிப் கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்தான். ஸனிய்யா வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய எத்தனக்கா?"

"நாப்பத்தெட்டு."

செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, வார் அறுந்த செருப்போடு நின்ற தாடிக்காரரின் காலருகே வைத்தான். "என் பேருல நடங்க. ஜாசிப்னு சொல்லுங்க அங்க."

"சொல்றேன் மகனே."

அவர்கள் போனதும் ஸனிய்யா மாத்திரையை நீட்டினாள். முழுங்கிவிட்டு, அவள் கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"இனிமே பூட்டாதக்கா. செருப்பே இல்ல, எங்க போவேன்? ரோட்டுல கால் வெந்துரும்."

"சரி கண்ணு" என்றாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். சாவி சூடாக இருந்தது. முக்காட்டு நுனியால் பிடித்து, சத்தம் வராமல் திருப்பினாள்.

உள்ளே, கதவுக்கு மிக அருகில், அவன் மூச்சு விடுவது கேட்டது.