ஓடுதளத்தில் ஒரு ‘வரேன்’

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், நானும் தங்கை கமலாவும் முசிறியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். அவள் கணவர் சிதம்பரம் அன்று முதல்முறையாகத் தனியாக விமானம் ஓட்ட இருந்தார். வாழைத்தோட்டத்திலிருந்து வானத்துக்குப் போகும் முதல் ஆள், எங்கள் வீட்டு மாப்பிள்ளை. வெளியூர்ப் பயிற்சிக் குழு ஒன்று இரண்டு குட்டி விமானங்களோடு அங்கே முகாமிட்டிருந்தது. அன்றே முகாமின் கடைசி நாள். ஓட்டினால் சான்றிதழ், இல்லாவிட்டால் வாழைத்தார்.

காலை ஆறு மணி பஸ்ஸில் டோல்கேட்டுக்கு ஒரு ரூபாய். அங்கிருந்து கொள்ளிடப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். கமலா அர்ச்சனைத் தட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னதும் அர்ச்சகர் அசரவில்லை. “பெருமாளே கருடன்மேல எழுந்தருள்றவர்தானே. க்ஷேமமா திரும்புவார்” என்றார்.

பஸ்ஸில் ஜங்ஷன் வந்து, ஜட்கா பிடித்தோம். நாலு மைல், ஒன்றரை ரூபாய்.

“கேட்டுக்கு நூறடி முன்னாலயே எறக்கிடுவேங்க” என்றார் வண்டிக்காரர். “ஏரோப்ளேனு சத்தம் குதிரைக்கு ஆவாது.”

“பறக்குறது எங்க மாப்பிள்ளைதான்” என்றேன்.

“அதைக் குதிரைகிட்ட சொல்லிப் பாருங்க.”

பத்தே காலுக்கு வேலியோர வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அந்த விமானங்களில் ரேடியோ கிடையாது. ஓடுதளத்தின் ஓரத்தில் மாணிக்கம் என்ற கொடிக்காரர் நிற்பார். ஓட்டுபவர் தான் செய்யப்போவதை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் பச்சையோ சிவப்போ காட்டுவார்.

சிதம்பரம் விமானத்தை அவரருகே கொண்டுவந்து, கையைத் தூக்கி, “அண்ணே, வரேன்!” என்று கத்தினார்.

எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவர் ‘வரேன்’ என்றுதான் சொல்வார். ‘போறேன்’ என்றால் திரும்பாத போக்கு. ஆனால் மாணிக்கம், மாப்பிள்ளை கொட்டகைக்குத் திரும்பி வருவதாக எடுத்துக்கொண்டு, பக்கப் பாதையில் காத்திருந்த மற்ற விமானத்துக்குப் பச்சை காட்டினார். அந்தப் பச்சை தமக்கென்று நினைத்து மாப்பிள்ளையும் கிளம்பிவிட்டார்.

மற்ற விமானம் ஓடுதளத்துக்குள் நுழைந்தபோது, இவர் பாதி வேகத்தில் வந்துகொண்டிருந்தார். கமலா என் தோளைப் பிடித்தாள். “அண்ணே, அது ஏன் குறுக்க வருது?” சிதம்பரம் எஞ்சினை அணைத்து, புல்லுக்குள் திருப்பினார். இறக்கை நுனிகள் உரசின. வேட்டி கிழிவதுபோல ஒரு சத்தம். மற்ற விமானத்தின் இறக்கைத் துணியில் ஒரு சாண் கிழிசல். இவருடையதில் பெயின்ட் மட்டும் போயிற்று. ஆட்களுக்குக் கீறல்கூட இல்லை.

மற்ற ஊர்களில் விமானங்கள் மூடுபனியால் மோதும், அவசரத்தால் மோதும். எங்கள் மாவட்டத்தில் மரியாதையால் மோதின. இதை நான் எங்கும் தலைநிமிர்ந்தே சொல்லி வருகிறேன்.

பயிற்சியாளர் ஓடிவந்தார். “என்னய்யா சொன்னே?”

“வரேன்னு சொன்னேன் சார்.”

“எங்க வரே? இங்கதானே நிக்கிறே!”

“வீட்டுல அப்படித்தானுங்க சொல்லுவோம்.”

“வேலைன்னா அவங்க சொன்ன சொல்லுக்குத்தாங்க நான் கொடி காட்டுவேன்” என்றார் மாணிக்கம்.

பயிற்சியாளர் புல்லில் பதிந்த சக்கரத் தடத்தை வெகுநேரம் பார்த்தார். “கை சரி. வாய்தான் தப்பு. வண்டியைப் பார்த்துட்டு மத்தியானம் விடறேன். ஆனா ‘போறேன்’னு சொல்லணும்.”

மாப்பிள்ளை வேலிப் பக்கம் வந்து கமலாவைப் பார்த்தார். நல்ல நாளில் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தால் அன்று அடுப்பே எரியாது. சான்றிதழ் இப்போது அவள் கையில் இருந்தது.

தேங்காய் மூடியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “சொல்லுங்க. ஆனா மெதுவா. ஸ்ரீரங்கம் வரைக்கும் கேக்க வேணாம்.”

இரண்டு நாற்பதுக்கு, “அண்ணே, போறேன்!” என்ற குரல் வேலிவரை கேட்டது. கமலா காதைப் பொத்திக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. பதினொரு நிமிடம். மலைக்கோட்டைத் திசையில் ஒரு சுற்றுச் சுற்றி, பூ உதிர்வதுபோல இறங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: நான் சொன்ன கட்டணங்களை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஸ்ரீரங்கத்தை முதலில் பாருங்கள்; வெயில் ஏறினால் கல்தரை சுடும். ஓடுதளத்தில் இருப்பவர்களிடம் எதையும் அப்பட்டமாகச் சொல்லுங்கள்.

மாலையில் கிளம்பும்போது கமலா பழக்கத்தில் மாணிக்கத்திடம், “அண்ணே, வரோம்” என்றாள்.

அவர் ஓடுதளத்தை இரு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, “நல்லபடியா வாங்க” என்றார்.