கரண்டு வந்ததும் ஒரு கூச்சல்

மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று சொல்லித்தரும் இணைய வகுப்பில் காசு கட்டிச் சேர்ந்தேன் என்பதை ஐம்பது தாண்டிய வயதில் ஒப்புக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பயிற்சியாளர் எந்நேரமும் சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நேற்று முன்தினம் வகுப்பின் நடுவே கரண்டு போனது. இன்வெர்ட்டர் 'கீ' என்று ஒரு தரம் கத்தியது. விளக்கு இமைக்கக்கூட இல்லை. அந்தச் சத்தத்தில், சிறுவயதில் நாங்கள் குடியிருந்த தல்லாகுளத்துச் சந்து ஞாபகம் வந்தது.

அங்கே சாயங்காலம் கரண்டு போனால் அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். வெளிச்சத்தில் முகம்கொடுத்துப் பேசாத எதிர்வீட்டுக்காரரிடம், இருட்டில், "என்னண்ணே, இம்புட்டுப் புழுக்கம்?" என்பார். அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாசம் சந்தெல்லாம் நிற்கும். வீட்டுப்பாடத்திலிருந்து எனக்கு விடுதலை. திடீரென்று விளக்கெரிந்ததும் மொத்தச் சந்தும் 'ஏ...!' என்று கூவும். அதுவரை சுவரில் சாய்ந்திருந்த அம்மா மட்டும், "அதுக்குள்ள வந்துருச்சா?" என்று சலித்தபடி அடுப்படிக்கு எழுந்து போவாள்.

அந்தக் கூச்சல் ஒரு தடவையாவது திரும்பக் கிடைக்காதா என்று, நேற்று சாயங்காலம் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வியர்த்தது. கொசு கடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போட்டேன். யாரும் கூவவில்லை. நானே 'ஏ' என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், இருமல்தான் வந்தது.

கிரைண்டர் பாதியில் நின்றுபோன கோபத்தோடு, கையெல்லாம் மாவாக மனைவி வந்து நின்றாள். எதற்காக அணைத்தேன் என்பதைச் சொன்னேன்.

"சந்தோசம் வேணும்னா முன்னாடியே சொல்லுங்க. மாவ அரைச்சு முடிச்சிட்டு நானே அணைச்சுத் தாரேன்."