இரண்டு வரியில் ஒரு சந்தி

எழுபதுகளின் தொடக்கம். மாத்தளையிலிருந்து நாவுலைக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூடவே முதுகலைப் பட்டத்துக்கு ஓர் ஆய்வு. சமன்பாடுகள் வரையும் வளைகோடுகளைப் பற்றியது. கோடு வழவழப்பாக ஓடினால், அதன் புள்ளிகளுக்கு விதிப்படி மதிப்புக் கொடுக்க எத்தனை வழி என்று சொல்லும் பழைய தேற்றம் ஒன்று உண்டு. கோடு தன்னையே வெட்டிக்கொண்டால் அந்தக் கணக்கு உதைக்கும். அங்கேயும் அதைச் சரிப்படுத்திக் காட்டுகிறேன் என்று பேராசிரியரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஒப்படைக்க ஒரு மாதம்தான் இருந்தது. வெட்டும் புள்ளிக்கு வந்ததும் என் நிறுவல் ஒவ்வொன்றும் விழுந்தது. ஆய்வை விட்டுவிடுகிறேன் என்று பேராசிரியருக்குக் கடிதமே எழுதிப் பையில் வைத்துவிட்டேன். நாவுலையில் தபாலில் போடுவதுதான் பாக்கி.

அன்று காலை பஸ் நாலந்தாவைத் தாண்டி ஒரு சந்தியைக் கடந்து, வழக்கம்போல உள்ளே ஒரு கிராமத்தைச் சுற்றிவிட்டு, குறுக்குப் பாதையால் அதே சந்திக்குத் திரும்ப வந்தது. மரக்கறிச் சாக்கோடு ஒரு முஸ்லிம் அம்மா இறங்க எழுந்தார். முதல் தடவை சந்தி வந்தபோது அசந்து தூங்கிவிட்டாராம். வேலைக்குப் புதிதாக வந்த கண்டக்டர் மறித்தார்.

"உள்ளுக்கும் சுத்தி வந்துட்டீங்க உம்மா. மிச்சக் காசு தாங்க."

"சந்திக்குத்தானே டிக்கட் எடுத்தேன்? இது வேற சந்தியா?"

பாடசாலைக்கு நேரமாகிறதே என்ற எரிச்சல் எனக்கு. "நான் குடுக்கிறேன், விடுங்க" என்று சில்லறையை நீட்டினேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"காசு இல்லாமலா கேக்கிறேன் டீச்சர்? நியாயத்தக் கேக்கிறேன்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. டிரைவர் திரும்பி, "ஷீட்டப் பாருங்க தம்பி" என்றார். கண்டக்டர் கட்டணத் தாளை விரித்தார். முன் சீட்டில் இருந்த என் கண்ணிலும் பட்டது. அந்தச் சந்தியின் பெயர் இரண்டு வரியில் இருந்தது. போகும்போது ஒன்று, சுற்றி வந்த பிறகு ஒன்று. இரண்டுக்கும் ஒரே கட்டணம். அந்த அம்மா தலைநிமிர்ந்து இறங்கினார்.

எனக்குள் பளிச்சென்றது. வெட்டும் புள்ளியை ஒன்றாகவே வைத்துக்கொண்டு மூன்று மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன், மடச்சி! அதை இரண்டாகப் பிரித்து எழுதினால் கோடு வழவழப்பாகிவிடும், பழைய தேற்றம் தங்குதடையில்லாமல் ஓடும். பிறகு இரண்டு இடத்திலும் மதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும். இப்படி ஒரு வெட்டுக்கு ஒரு நிபந்தனை. பழைய கணக்கில் திருத்த வேண்டியதும் அவ்வளவுதான்.

பையிலிருந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தேன். நாவுலையைத் தாண்டிப் போனதே தெரியவில்லை. தம்புள்ளையில் இறங்கும்போது கண்டக்டர் கேட்ட மிச்சக் காசை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். பிந்திப் போனதற்கு அதிபரிடம் ஏச்சு வாங்கியபோதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் வாரம் ஆய்வை ஒப்படைத்தேன். ஒரு வரிகூடத் திருத்தாமல் ஏற்றுக்கொண்டார்கள்!

அந்த அம்மா அன்று என் சில்லறையை ஏற்றுக்கொண்டு பேசாமல் இறங்கியிருந்தால் அந்தத் தாள் விரிந்திருக்காது, என் கடிதமும் தபாலில் போயிருக்கும். அதனால்தான் யாராவது நியாயம் கேட்டு நின்றால், எனக்கு நேரமாகிறது என்று இன்றுவரை நான் வாய் திறப்பதில்லை.