கட்டுக்கரை வாளை

ஆள் நீளத்துக்கு வளருமாம் கட்டுக்கரைக் குளத்து வாளை. அதைப் பார்க்கத்தான் மன்னாரிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருக்கிறேன். ஓட்டோக்காரர் அன்ரன், பேசாலைக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. வழி முழுக்க ஒரே பேச்சு: "குளத்து மீனை ஆர் அண்ணை தின்னுறது? சேத்து மணம்!"

குளக்கட்டில் நிற்கிறோம். தண்ணீருக்குள் பட்டமரங்கள். அவற்றின் நடுவே, நீண்ட மீசை தெரிய, ஒரு வாளை மெல்ல மேலே வருகிறது. மூச்சைப் பிடித்தபடி கைகாட்டுகிறேன். அவ்வளவுதான். ஓட்டோவின் பின்னாலிருந்து வீச்சு வலை வெளியே வருகிறது.

"ஐயோ, பார்க்கத்தான் வந்தனான்!"

"சத்தம் போடாதேங்கோ அண்ணை, கலையப்போகுது."

மணல் தரைக் கடலில் வீசிப் பழகிய கை. வலை அழகாக விரிந்து, நீருக்குள் கிடந்த கொப்புகளில் மாட்டிக்கொள்கிறது. வாளை மறைந்துவிடுகிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை இழுத்தபடி அன்ரன் என்னிடமே பாய்கிறார்: "தண்ணிக்குள்ள ஆரண்ணை மரம் வைச்சது?"

வலை கிழிந்து வருவதற்குள் மன்னாரிலிருந்து ஊர் திரும்ப எனக்கிருந்த கடைசி பஸ்ஸும் போய்விட்டது. திரும்பும் வழியில் வாய்க்கால் பாலம் ஒவ்வொன்றிலும் ஓட்டோவை நிறுத்தி எட்டிப் பார்க்கிறார்.

"சேத்து மீன்தானே, அன்ரன்?" என்று பல்லைக் கடித்தபடி கேட்கிறேன்.

"ஓம் அண்ணை," என்கிறார். அடுத்த பாலத்திலும் ஓட்டோ நிற்கிறது.